சூடு வேறு, வேகம் வேறு

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

நிறைய வெப்பத்தை வெளியிடும் வினை எப்படி நடக்கும் என்று வேதியியல் வகுப்பில் கேட்டால், கை தூக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் 'வேகமாக நடக்கும்' என்பார்கள். பெரியவர்களும் அப்படித்தான் நினைக்கிறோம். சூடு, நெருப்பு, வெடி எல்லாம் நம் மனத்தில் ஒரே மூட்டையில் கிடக்கின்றன. அந்த மூட்டையை இன்று கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

வீட்டு ஜன்னல் கம்பியைப் பாருங்கள். இரும்பு துருப்பிடிப்பது வெப்பம் தரும் வினை. ஒரு கிராம் இரும்பு முழுவதும் துருவாகும்போது வெளிவரும் வெப்பத்தைக் கொண்டு 20 மில்லி தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். ஆனால் அது ஆண்டுக்கணக்கில் நடப்பதால் கம்பியைத் தொட்டால் சுடுவதில்லை. வேலூர் வெயிலில் சுடும், அது வேறு கதை. இன்னொரு பக்கம், எலுமிச்சைச் சாற்றில் ஒரு சிட்டிகை சமையல் சோடாவைப் போடுங்கள். கண் இமைப்பதற்குள் பொங்குகிறது, ஆனால் டம்ளர் குளிர்கிறது. அந்த வினை வெப்பத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. வெப்பம் தருவது மெதுவாகவும், வெப்பம் எடுப்பது வேகமாகவும் நடக்கிறதே! ஆக, வெப்பம் எவ்வளவு என்பது ஒரு கேள்வி. வேகம் எவ்வளவு என்பது வேறொரு கேள்வி.

குடியாத்தத்துக்காரர்களுக்குத் தீப்பெட்டியைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குச்சி முனையின் மருந்தில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் இருக்கின்றன. பெட்டியின் பக்கவாட்டுப் பட்டையில் சிவப்பு பாஸ்பரசும் கண்ணாடித் தூளும். இரண்டையும் பிரித்து வைத்ததால்தான் அது பாதுகாப்புத் தீக்குச்சி ஆயிற்று. உரசும்போது பிறக்கும் சூட்டில் பட்டையிலுள்ள பாஸ்பரஸ் துளி பற்றுகிறது, அந்தச் சூடு குளோரேட்டைச் சிதைத்து ஆக்சிஜனை விடுவிக்கிறது, கந்தகம் எரிகிறது, மெழுகில் தோய்த்த குச்சிக்குத் தீ தாவுகிறது. எரியத் தேவையான ஆற்றல் பெட்டிக்குள் எப்போதும் இருந்தது. ஆனாலும் மளிகைக் கடை அலமாரியில் அது மாதக்கணக்கில் சும்மா கிடக்கிறது.

ஏன் என்பதற்கு மோர்தானா அணையை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மேலே நிற்கிறது, ஊர் கீழே இருக்கிறது. எவ்வளவு ஆழத்துக்கு இறங்கும் என்பது வினை தரும் வெப்பம். நடுவே நிற்கும் சுவரின் உயரம்தான் கிளர்வு ஆற்றல். இறக்கம் எவ்வளவு இருந்தாலும் சுவரைத் தாண்டாமல் ஒரு சொட்டும் கீழே போகாது. தீக்குச்சியை உரசுவது முதல் சில மூலக்கூறுகளைச் சுவருக்கு மேலே ஏற்றிவிடுவது மட்டும்தான். மற்றவற்றை அவை தரும் சூடே ஏற்றிவிடும்.

இந்தச் சுவரைக் கணக்கில் கொண்டுவந்தவர் சுவீடன் நாட்டு அர்ரீனியஸ், 1889-இல். வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் பல வினைகளின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. மூலக்கூறுகள் அவ்வளவு வேகமாக ஓடத் தொடங்கிவிட்டனவா என்றால், இல்லை. 27 டிகிரியிலிருந்து 37 டிகிரிக்குப் போனால் அவற்றின் சராசரி ஓட்டவேகம் இரண்டு விழுக்காடுகூடக் கூடுவதில்லை. சுவரைத் தாண்டும் வலுவுள்ள சிலரின் எண்ணிக்கைதான் இரட்டிப்பாகிறது. கத்திரி வெயிலில் மாலைக்குள் புளித்துவிடும் இட்லி மாவு, மார்கழியில் விடியும் வரை காக்க வைப்பதும் இதனால்தான்.

நான் கொஞ்ச காலம் தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு வாத்தியார் ஆனவன். வேகத்தைப் பற்றிப் பாடப்புத்தகம் சொல்லாத ஒன்றை அங்கேதான் பார்த்தேன்: வினையை வேண்டுமென்றே தாமதப்படுத்துவது. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் குரோமியம் கொண்டு பதனிடுகிறார்கள். குரோமியம் தோலின் புரதத்தோடு பிணைய வேண்டும், அதுதான் பதனிடுதல். ஆனால் எடுத்த எடுப்பில் பிணைந்தால் மேற்பரப்பு மட்டும் பதமாகி, வழியை அடைத்துக்கொண்டு, உள்ளே பச்சைத் தோலாகவே நின்றுவிடும். அதனால் முதலில் உப்பும் அமிலமும் சேர்த்து, பி.எச். அளவை (அது குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) 3-க்குக் கீழே கொண்டுபோகிறார்கள். அந்த அமிலத்தில் புரதத்தின் பிணையும் முனைகள் அடங்கிக் கிடக்கும். குரோமியம் தடையில்லாமல் உள்ளே போகும். தோலின் தடித்த பகுதியில் ஒரு வெட்டுப் போட்டு ஓரத்தைப் பார்ப்பார் மேஸ்திரி. நடுவில் வெள்ளைக் கோடு தெரிந்தால், தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம் இன்னும் சுற்ற வேண்டும். முழுக்கக் குரோமியத்தின் நீலம் ஏறியிருந்தால் அடுத்த கட்டம்: சமையல் சோடா, அதாவது சோடியம் பைகார்பனேட். அதைத் தண்ணீரில் கரைத்து, தவணை தவணையாக, மணிக்கணக்கில் ஊற்றுகிறார்கள். அமிலம் மெல்லத் தணியத் தணியப் பிணைப்பு இறுகுகிறது. அவசரப்பட்டு ஒரே வாளியாகக் கொட்டினால் தோல் திட்டுத்திட்டாகி, சொரசொரத்துப்போகும்.

பிணையாமல் மிஞ்சும் குரோமியம் கழிவுநீரில் போகிறது. சாதாரண முறையில் போட்டதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அப்படிப் போகலாம். பாலாற்றங்கரையில் குடியிருப்பவர்களுக்கு இது வெறும் பாடக் கணக்கு அல்ல. கடைசி மணி நேரங்களில் டிரம்மின் சூட்டை 40 டிகிரிக்குக் கொண்டுபோய்ப் பிணைப்பைக் கூட்டுவதும், மிஞ்சிய குரோமியத்தை மீட்டு மறுபடி பயன்படுத்துவதும் அதற்காகத்தான்.

வினை முடிந்ததா என்று பார்க்க ஓர் எளிய சோதனை உண்டு. தோலில் ஒரு துண்டை வெட்டி, காகிதத்தில் வைத்து அதன் ஓரத்தைப் பென்சிலால் வரைந்துகொள்வார்கள். பிறகு இரண்டு மூன்று நிமிடம் கொதிநீரில் போடுவார்கள். பச்சைத் தோல் 60 டிகிரியைத் தாண்டினாலே சுருண்டுவிடும். நன்றாகப் பதமானது கொதித்த பின்னும் வரைந்த கோட்டுக்குள் அப்படியே உட்காரும். சுருங்கியிருந்தால் டிரம்மை மறுபடி ஓட்ட வேண்டியதுதான்.

வணக்கம்.