வ.உ.சி.யும் டிக்கெட்தான் விற்றார்

(சென்னை, மேற்கு மாம்பலம். தலைப்பு: வாழ்க்கை வரலாற்றுப் படத்துக்கு வெற்றி என்பது கல்லாவா, காலமா? ‘கல்லாவே’ அணியில் பேசியது.)

நடுவர் அவர்களுக்கும், இரண்டு அணியினருக்கும், வேலை முடிந்த கையோடு வந்து உட்கார்ந்திருக்கிற மாம்பலத்து மக்களுக்கும் வணக்கம். வணக்கம் இவ்வளவு போதும். எனக்குக் கொடுத்திருக்கிற நேரம் கொஞ்சம், எதிரணித் தலைவர் வைத்துவிட்டுப் போயிருக்கிற பாக்கி நிறைய.

ஐயா பேராசிரியர், நான் மதிக்கிறவர். அவர் என்ன சொன்னார்? “ஒரு மகானுடைய வாழ்க்கையைப் படமாக எடுத்தால், அது எத்தனை கோடி வசூல் செய்தது என்று கணக்குப் பார்க்கிறார்களே, இவர்கள் பட்டிமன்றப் பேச்சாளர்களா, தியேட்டர் வாசலில் பிளாக்கில் டிக்கெட் விற்கிறவர்களா?” என்று கேட்டார். நீங்களும் கைதட்டினீர்கள். தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். சரி, அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் மற்றதுக்குப் போவேன். மற்றதுக்கு நேரம் இல்லாமல் போனாலும் பரவாயில்லை.

ஐயா, உங்கள் அணி முழுக்க முழுக்க நம்பி வந்திருப்பது ஒரே ஒரு படம். ‘கப்பலோட்டிய தமிழன்’. 1961 தீபாவளிக்கு வந்தது. பி.ஆர். பந்துலு எடுத்தார். சிவாஜி வ.உ.சி.யாகவே மாறி நின்றார். எஸ்.வி. சுப்பையா பாரதி. பாட்டெல்லாம் பாரதி பாட்டு, ஜி. ராமநாதன் இசை. இவ்வளவும் இருந்தும் படம் ஓடவில்லை. “ஓடாத படம் அறுபது வருஷம் தாண்டியும் நிற்கிறதே, அப்புறம் வசூலுக்கும் வெற்றிக்கும் என்ன சம்பந்தம்?” என்று உங்கள் அணியில் மூன்று பேரும் மாற்றி மாற்றிக் கேட்டீர்கள்.

நிற்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அப்படி நிற்பதற்கு யார் பணம் கட்டியது? நீங்களா, நானா? பந்துலு கட்டினார். 1959-இல் இதே பந்துலு ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ எடுத்தார். ஜனம் அலைமோதியது. அடுத்த வருஷம் கெய்ரோவில் ஆசிய ஆப்பிரிக்கப் பட விழாவில் சிறந்த நடிகர் விருதை சிவாஜி வாங்கினார். கட்டபொம்மன் ஓடிய தெம்பு இல்லாமல், ஒரு வக்கீல் கப்பல் கம்பெனி நடத்தி, ஜெயிலுக்குப் போய், செக்கிழுத்து, ஏழையாகிச் செத்த கதையை எந்தத் தயாரிப்பாளர் தொடுவார்? அந்தத் தெம்பை நாம் 1961-இல் வாங்கிக்கொண்டோம், திருப்பிக் கொடுக்கவில்லை. அப்புறம் அவர் ‘கர்ணன்’ எடுத்தார், புராணம். 1965-இல் எம்.ஜி.ஆரை வைத்து ‘ஆயிரத்தில் ஒருவன்’ எடுத்தார். அதிலும் கப்பல் வந்தது. ஆனால் கடற்கொள்ளைக்காரர்கள் கப்பல். அது ஓடியது! வ.உ.சி. கப்பலுக்குப் போகாத கூட்டம் கொள்ளைக்காரன் கப்பலுக்குப் போனது. பந்துலுவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நம்மைத்தான் சொல்ல வேண்டும்.

இப்போது பிளாக் டிக்கெட்டுக்கு வருகிறேன். பிளாக்கில் விற்க வேண்டுமென்றால் முதலில் கவுண்டரில் டிக்கெட் தீர வேண்டும். ஐயா, வ.உ.சி. படத்துக்கு சென்னையிலே ஒவ்வொரு தியேட்டரிலும் டிக்கெட் தீர்ந்து, நாலு பங்கு விலைக்கு வாசலில் விற்றிருந்தால், அந்த மனிதருக்கு அதைவிட என்ன மரியாதை வேண்டும்? அப்படி விற்றவன் எவனாவது இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள், இதே மேடையில் சால்வை போடுகிறேன்.

அதைவிட முக்கியமான சங்கதி ஒன்று இருக்கிறது. டிக்கெட் விற்கிறவர்கள் என்று எங்களைத் திட்டினீர்களே, வ.உ.சி.யே டிக்கெட் விற்றவர்தான்!

தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் டிக்கெட். 1906-இல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி ஆரம்பித்தார். பங்கு ஒன்று 25 ரூபாய், 40,000 பங்கு, மூலதனம் 10 லட்சம். ஊர் ஊராகப் போய்ப் பங்கு விற்றார். கப்பல் இல்லாமல் திரும்ப மாட்டேன் என்று பம்பாய்க்குப் போனார். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல் வந்தது. எதிரில் வெள்ளைக்காரன் கம்பெனி, பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன். அவன் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தான். இவர் எட்டணாவாக்கினார். அவன் என்ன செய்தான்? கட்டணமே வேண்டாம், ஓசியில் ஏறு என்றான். அதோடு விட்டானா? ஏறுகிறவர்களுக்கு ஒரு குடையும் இலவசம் என்றான்!

நினைத்துப் பாருங்கள். தூத்துக்குடி வெயில். கையில் எட்டணா. ஒரு பக்கம் ஓசிப் பயணம், அதன் மேல் புதுக்குடை. இன்னொரு பக்கம் காசு கேட்கிற நம்ம ஊர்க் கப்பல். அந்த ஜனம் என்ன செய்தது? வெள்ளைக்காரன் கொடுத்த ஓசிக்கு அவன் எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. எட்டணாவை எண்ணிக் கொடுத்துவிட்டு நம்ம கப்பலில் ஏறினார்கள். அந்த எட்டணா வசூல் இல்லையா ஐயா? அது வெறும் பணமா? ‘நீ செய்வது எனக்கு வேண்டும்’ என்று ஒரு சாதாரண மனுஷன் சொல்வதற்கு அவனிடம் இருக்கிற ஒரே வழி அதுதான். அவன் மேடையில் பேச மாட்டான், பத்திரிகையில் எழுத மாட்டான். கவுண்டரில் காசு வைப்பான். அதைப் போய்க் கல்லாப்பெட்டி என்று கேவலமாகச் சொன்னால் எனக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

எங்கள் அத்தை குரோம்பேட்டையில் இருக்கிறார். ‘கப்பலோட்டிய தமிழன்’ டிவியில் போட்டால் செக்கிழுக்கும் காட்சிக்கு முந்தானையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். தியேட்டர் பக்கம் போய் ரொம்பக் காலம். 2024 தீபாவளிக்கு ‘அமரன்’ வந்தது. மேஜர் முகுந்த் வரதராஜன், தாம்பரத்துப் பிள்ளை. அங்கே கிறித்தவக் கல்லூரியில் படித்தவர். 2014 ஏப்ரலில் காஷ்மீரில் சோபியானில் உயிரைக் கொடுத்தார். பெசன்ட் நகரில் ராணுவ மரியாதையோடு தகனம் நடந்தது. அசோக சக்ரா விருது பெற்றவர். அத்தைக்கு அந்தக் குடும்பத்தைத் தெரியாது. ஆனால் இரண்டு ஸ்டேஷன் தள்ளி இருக்கிற பிள்ளை. அந்த உரிமை அவருக்கு.

அத்தை மகன் போனில் டிக்கெட் போட்டுவிட்டான். அத்தை கேட்டார்: “யார் காசுடா?” “என் காசுதாம்மா, ஏன்?” “எனக்கு நான்தான் கொடுப்பேன்.” “அம்மா, போட்டாச்சு, விடேன்.” விடவில்லை. சுருக்குப்பையைத் திறந்தார். ஒரு நூறு, ஒரு ஐம்பது, நாலு பத்து. அவன் சட்டைப் பையில் வைத்தார். அவன் எடுத்து மேஜையில் வைத்தான். இவர் மறுபடி எடுத்துச் சட்டைப் பையில் திணித்தார். “ஓசியில பாக்குற படமாடா இது?” என்றார். ஓசி! அதே வார்த்தை. தூத்துக்குடித் துறைமுகத்தில் கேட்டிருக்க வேண்டிய வார்த்தை குரோம்பேட்டை வீட்டுக் கூடத்தில் கேட்டது.

அப்புறம் என்னைப் பிடித்துக்கொண்டார். “நான் குடுக்கிற காசுல படம் எடுத்தவங்களுக்கு எவ்வளவுடா போகும்?” சொன்னேன்: வரி போகும், தியேட்டர் பங்கு போகும், மிச்சம் விநியோகஸ்தர் வழியாகத் தயாரிப்பாளருக்கு. முதல் வாரத்தில் அவர்கள் பங்கு அதிகம், வாரம் ஏற ஏறத் தியேட்டர் பங்கு ஏறும். வெள்ளி, சனி, ஞாயிறு கூட்டம் இல்லையென்றால் திங்கட்கிழமை காட்சியைக் குறைத்துவிடுவார்கள், நல்ல படம் என்று ஊர் பேச ஆரம்பிக்கும்போது படம் தியேட்டரில் இருக்காது. அத்தை யோசித்தார். “அப்ப முதல் வாரமே போகணும்னு சொல்லு.” அவ்வளவுதான். பாக்ஸ் ஆபீஸ் பாடம் முடிந்தது. இதைப் பேராசிரியர் ஐயாவுக்குப் புரியவைக்கத்தான் நான் இவ்வளவு நேரமாகப் பாடுபடுகிறேன்.

போனார்கள். வாசலில் பையைச் சோதித்தார்கள். உள்ளே முறுக்கு. கொண்டுபோகக் கூடாது என்றார்கள். “சரி, நீயே சாப்பிடு” என்று அந்தக் காவலாளித் தம்பி கையிலேயே கொடுத்துவிட்டு உள்ளே போனார். இடைவேளையில் மகன் பாப்கார்ன் வாங்கப் போனான். விலையைக் கேட்டார். டிக்கெட்டைவிட அதிகம். “படத்துக்குக் குடுத்தேன், அது அந்தப் பிள்ளைக்கு. பொரிக்குக் குடுக்க மாட்டேன்” என்று உட்காரவைத்துவிட்டார். மறுபடியும் கேளுங்கள். படத்துக்குக் கொடுப்பேன், பொரிக்குக் கொடுக்க மாட்டேன். எந்தக் காசு மரியாதை, எந்தக் காசு வியாபாரம் என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. எதிரணிக்குத்தான் இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது. படம் முடிந்து வந்தவர் சும்மா இருந்தாரா? பஜனை கோஷ்டி மொத்தத்தையும் போனில் கூப்பிட்டு, “முதல் வாரத்துக்குள்ள போயிடுங்கடி” என்று ஆளுக்கொரு தடவை பாடம் எடுத்தார். சுருக்குப்பை ஒவ்வொன்றாகத் திறந்தது. அப்படித் திறந்த பைகள் சேர்ந்துதான் உலகம் முழுக்க 300 கோடிக்கு மேல் என்று திரைத்துறை வட்டாரம் கணக்குச் சொன்னது. இன்றைக்கு இன்னொரு வீரனின் கதையைத் தூக்கிக்கொண்டு ஒரு இளம் இயக்குநர் தயாரிப்பாளர் வீட்டுக் கதவைத் தட்டினால், கதவு திறப்பதற்கு அந்த அம்மாக்கள்தான் காரணம்.

“சூரரைப் போற்று தியேட்டருக்கே வரவில்லை, 5 தேசிய விருது வாங்கியதே” என்று எதிரணித் தங்கச்சி கேட்டார். கொரோனா காலம் அம்மா, 2020. தியேட்டர் நிலைமை அப்படி. ஓடிடி நிறுவனம் காசு கொடுத்து வாங்கித்தானே போட்டது? தர்மத்துக்குப் போடவில்லை. ‘காந்தி’ படத்தை எடுக்க ரிச்சர்ட் அட்டன்பரோ 20 வருஷம் அலைந்தார். காந்தி கதைக்கே காசு போட ஆள் கிடைக்கவில்லை! கடைசியில் நம் அரசாங்கத்து நிறுவனமும் பணம் போட்டது. 1982-இல் படம் வந்தது, 8 ஆஸ்கர், போட்டதைப் போல ஐந்து மடங்குக்கு மேல் வசூல். இதற்கு மேல் நான் உதாரணம் தேடப் போவதில்லை. எனக்கு வ.உ.சி.யிடம் திரும்பிப் போக வேண்டும்.

நடுவர் அவர்களே, மணியில் கை வைக்காதீர்கள், இன்னும் கொஞ்சம்தான்.

1908-இல் அவரைப் பிடித்தார்கள். இரட்டை ஆயுள் தண்டனை, 40 வருஷம் என்று தீர்ப்பு. மேல்முறையீட்டில் குறைந்தது. கோயம்புத்தூர் ஜெயில், கண்ணனூர் ஜெயில், செக்கு. 1911-இல் கம்பெனியை மூடினார்கள், கப்பல்கள் போட்டிக் கம்பெனிக்கே போயின. 1912 டிசம்பர் 24-இல் வெளியே வந்தார். எந்த ஊருக்காகக் கப்பல் விட்டாரோ அந்த ஊர் ஜெயில் வாசலில் திரண்டிருக்க வேண்டும். வந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். அதில் ஒருவர் சுப்பிரமணிய சிவா, தொழுநோயோடு. 1912-இல் ஜெயில் வாசலில் கூட்டம் இல்லை. 1961-இல் தியேட்டர் வாசலிலும் கூட்டம் இல்லை. ஒரே மனுஷனை இரண்டு வாசலில் தனியாக நிற்க வைத்தோம் ஐயா.

வெளியே வந்தவர் எங்கே வந்தார்? இதே சென்னைக்கு. வக்கீல் சன்னது போய்விட்டது. மளிகைக் கடை வைத்தார், மண்ணெண்ணெய்க் கடை வைத்தார். கடனாளியானார். தென்னாப்பிரிக்காவில் இருந்த தமிழர்கள், கூலி வேலைக்குப் போனவர்கள், அவருக்காகக் காசு சேர்த்துக் காந்தியிடம் கொடுத்திருந்தார்கள். அந்தப் பணத்துக்காக வ.உ.சி. காந்திக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். கப்பல் வாங்கப் பத்து லட்சம் திரட்ட நின்றவர், வீட்டுச் செலவுக்குக் கடிதம் எழுதுகிறார். பணம் 1916-இல் வந்து சேர்ந்தது. எவ்வளவு தெரியுமா? 347 ரூபாய் 12 அணா.

எங்கேயோ நேட்டாலில் கூலித் தமிழன் அவருக்காகத் தன் பையைத் திறந்தான். அவன் அவரைப் பார்த்ததுகூட இருக்காது. நாம் அவருடைய ஊர்க்காரர்கள். தீபாவளிக்குப் பட்டாசு வாங்கினோம், அவர் படத்துக்கு டிக்கெட் வாங்கவில்லை. இன்றைக்கு டிவியில் ஓசியில் பார்த்து அழுதுவிட்டு ‘காலத்தை வென்ற படம்’ என்கிறோம். பேராசிரியர் ஐயா, காலம் வென்றது என்று நீங்கள் சொல்லும்போது எனக்குப் பந்துலு முகம் ஞாபகத்துக்கு வருகிறது. அவரிடம் போய் இதைச் சொல்ல முடியுமா?

மணி அடித்துவிட்டீர்கள். முடித்துக்கொள்கிறேன். என்னிடம் வேறு வாதம் இல்லை, ஒரு வேண்டுகோள் இருக்கிறது. நாளைக்கே யாராவது வ.உ.சி. கதையை மறுபடி எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம், சொந்தக் காசில், இரவல் பாஸ்வேர்டு இல்லாமல், டிக்கெட் வாங்குகிறவர்கள் இந்த மன்றத்தில் எத்தனை பேர்? கையைத் தூக்குங்கள். நன்றாகத் தூக்குங்கள் அம்மா, பின்வரிசையும். எதிரணியிலும் இரண்டு கை தெரிகிறது. ஐயா, நீங்களுமா? மிக்க மகிழ்ச்சி.

நடுவர் அவர்களே, இந்தக் கைகளை எண்ணிக்கொள்ளுங்கள். வணக்கம்.