நார்வே, ஸ்வீடன்: ஒரே மலையின் இரண்டு பக்கங்கள்

அடுத்த சந்தேகம். "நார்வேகாரர் பேசுவது ஸ்வீடன்காரருக்குப் புரிகிறது. இருவரின் கொடியிலும் சிலுவை. இருவருக்கும் அரசர் உண்டு. பிறகு எதற்கு இரண்டு நாடுகள்?" என்று நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். எல்லையை ஒட்டி ஒரு மலைத்தொடர் நீள்கிறது. மேற்கே அது செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது. கிழக்கே மெல்லச் சரிகிறது. செங்குத்துப் பக்கம் நார்வே, சரிவுப் பக்கம் ஸ்வீடன். என் பதிலில் முக்கால்வாசி இதிலேயே அடங்கிவிட்டது.

நார்வே பக்கம் பனியாறுகள் குடைந்த பள்ளத்தாக்குகளில் கடல் புகுந்துகொண்டது. அவைதாம் ஃபியோர்டுகள். சோங்னே ஃபியோர்டு 200 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே போகிறது. ஆழம் 1,300 மீட்டர். உழுவதற்கு ஏற்ற நிலம் நாட்டில் நூற்றுக்கு மூன்று பங்கு இருந்தால் அதிகம். அந்த நிலத்தை வைத்துக்கொண்டு யார் ஜமீன்தார் ஆக முடியும்? பாதி விவசாயி, பாதி மீனவர் என்றே பிழைத்தார்கள். இருந்த பிரபுப் பட்டங்களையும் படிப்படியாக ஒழிக்க 1821இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். ஸ்வீடனிலோ தெற்கே ஸ்கோனே சமவெளியில் கோதுமை, வடக்கே காடு, இரும்பு. வெட்டிய மரத்தை ஆறுகளே கடற்கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தன. மாளிகைகள் எழுந்தன, 17ஆம் நூற்றாண்டில் பேரரசாகவே ஆனது. பிரபுக்களின் மாளிகை ஸ்டாக்ஹோமில் இன்றும் நிற்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் கிருனா சுரங்கம். இரும்புத் தாது ஸ்வீடனுடையது. ஆனால் ஸ்வீடனின் போத்னியா வளைகுடா குளிர்காலத்தில் உறைந்துவிடும். ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே இருக்கும் நார்வேயின் நார்விக் துறைமுகம், அட்லாண்டிக்கின் வெப்ப நீரோட்டத்தால் உறைவதில்லை. அதனால் மலையைக் கடந்து ரயில் பாதை போட்டார்கள். 1903இல் திறப்பு விழா. தாது இன்றும் அந்த வழியாகத்தான் போகிறது.

அப்போது இரண்டு நாடுகளுக்கும் ஒரே அரசர். 1814இல் தொடங்கிய ஏற்பாடு அது. 1905இல் பிரிவதா என்று நார்வேயில் வாக்கெடுத்தார்கள். பிரிய வேண்டும் என்றவர்கள் 3,68,208 பேர். வேண்டாம் என்றவர்கள் 184 பேர்! போர் இல்லாமலே பிரிந்தார்கள். நார்வேயில் மே 17, அதாவது 1814இல் அரசியல் சாசனம் பிறந்த நாள், ஊரே திரளும் திருவிழா; குழந்தைகள் கொடியோடு ஊர்வலம் போவார்கள். ஸ்வீடனின் ஜூன் 6 தேசிய தினத்துக்கு விடுமுறை கிடைத்ததே 2005இல்தான். அங்கே கொண்டாட்டம் என்றால் ஜூன் கடைசியில் வரும் கோடை நடுநாள் திருவிழாதான்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் ஸ்வீடன் 1995இல் சேர்ந்தது. நார்வே மக்கள் 1972, 1994 ஆகிய இரண்டு முறையும் மறுத்துவிட்டார்கள். மீன்வளத்தில் பிறர் கைவைப்பதை மீனவர்கள் விரும்பவில்லை. வடக்கேயுள்ள மீன் ஆலைகளில் இலங்கைத் தமிழர்கள் பலர் வேலை பார்த்திருக்கிறார்கள்; அவர்களைக் கேட்டால் அந்தக் கடற்கரை வாழ்க்கையை என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

இவ்வளவு பிடிவாதம் பேசும் நார்வேகாரர்கள், இறைச்சியும் மிட்டாயும் விலை குறைவு என்று காரை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டி ஸ்ட்ரோம்ஸ்டாட் கடைகளுக்குப் போவதையும் சொல்லாமல் விடக்கூடாது.