குப்பையைச் சிற்பமாக்கினால் ஊருக்கு என்ன நடக்கும்?

ஆம்பூரிலிருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: "தூக்கிப் போட்ட பொருள்களை வைத்துச் சிற்பம் செய்கிறீர்கள். அதனால் பாலாறு திரும்பி வந்துவிடுமா?"

வராது, அம்மா. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றைக் கெடுப்பதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்குப் போட்டு, 1996-இல் உச்ச நீதிமன்றத்தில், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்பு வாங்கியது. அந்த வேலையைச் சிற்பத்தால் செய்ய முடியாது. சிற்பத்தின் வேலை வேறு.

நோவா பூரிஃபாய் என்ற அமெரிக்கச் சிற்பியிடமிருந்து நான் கற்றது அது. 1917-இல் அலபாமாவில் பிறந்த கறுப்பினத்தவர். சிற்பி ஆவதற்கு முன்பே சமூகப் பணி படித்தவர். லாஸ் ஏஞ்சல்ஸின் வாட்ஸ் பகுதியில் கலை மையம் தொடங்கிய ஓரிரு ஆண்டுக்குள், 1965 ஆகஸ்டில் அங்கே கலவரம் வெடித்தது. ஆறு நாள், 34 உயிர்கள். தீ அணைந்ததும் அவரும் நண்பர்களும் கருகிய மரம், உருகி வழிந்த நியான் விளக்கு என்று மூன்று டன் பொறுக்கிச் சேர்த்தார்கள். மறு ஆண்டே அவை கண்காட்சியாக நின்றன. எரிந்த தெருவில் குடியிருந்தவருக்கு அந்தக் கரிக்கட்டையை யார் விளக்க வேண்டும்? பின்னாளில் அரசின் கலைக் குழுவில் இருந்து சிறைகளுக்குள்ளும் கலையைக் கொண்டுபோனார்.

நம் ஊருக்கு வருவோம். ஷூவின் அடிப்பாகம் வெட்டிய பிறகு மிஞ்சும் தகட்டைக் காயலான் கடையில் பார்த்திருப்பீர்கள். அதை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். பாத வடிவில் ஓட்டைகள் வரிசையாக நிற்கும்; இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே சுண்டுவிரல் அகலம்கூட மிச்சம் இருக்காது. அப்படி நாற்பது தகடுகளைப் பாலாற்று மணலில் கம்பு நட்டுக் கட்டினேன். வேலை முடிந்து வந்த ஓர் அக்கா ஓட்டைக்குள் கையை விட்டு ஓரத்தைத் தடவினார். "இது லேடீஸ் அஞ்சாம் நம்பர். அச்சு மழுங்கிப்போய் வெட்டியிருக்கிறார்கள், பிசிறு பாருங்கள்" என்றார். அடுத்த பேச்சே அவர் வீட்டுக் கிணற்றைப் பற்றித்தான். எந்த வருஷம்வரை அதில் பருப்பு வெந்தது என்று சொன்னார். பக்கத்தில் நின்றவர் வருஷத்தைத் திருத்தினார். இருட்டுவதற்குள் எந்தத் தெருவில் எந்தக் கிணறு உப்பானது என்று மணலிலேயே குச்சியால் கோடு போட்டுவிட்டார்கள். அதை அட்டையில் வரைந்து, திங்கட்கிழமை மனுவோடு இணைத்தோம். வீடு வீடாகப் போய்க் கேட்டிருந்தால் இத்தனை பேர் வாய் திறந்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

நீங்களும் தொடங்குவதாக இருந்தால் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். குரோம் போட்டுப் பதனிட்ட தோல் துண்டுகளை எரிக்கவோ, சூடு வைத்து உருக்கொடுக்கவோ கூடாது. சூட்டில் அந்தக் குரோமியம் கொடிய நச்சு வகையாக மாறக்கூடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கோணி ஊசியும் நைலான் கயிறும் இருந்தால் கட்டிவிடலாம்.