கண்மாய்க்கு ஒரு நீர்க்கட்டி வேண்டும்
(பெரியப்பாவின் படத்திறப்பு நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)

இந்த நினைவேந்தல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் ஊர் அம்பலம் ஐயா அவர்களே, படத்தைத் திறந்துவைத்துக் கண்கலங்கப் பேசிய ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அவர்களே, பள்ளிவாசல் ஜமாஅத் தலைவர் அவர்களே, பங்குத் தந்தை அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவில் வந்து அமர்ந்திருக்கும் நீர்வளத்துறை உதவிப் பொறியாளர் அவர்களே, மேல்கண்மாய் ஊரிலிருந்தும் கீழ்க்கண்மாய் ஊரிலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் பெரியம்மாவே, உடன்பிறப்புகளே, உங்கள் எல்லோருக்கும் என் பணிவான வணக்கம். மேல்கண்மாய் ஊர்க்காரர்களுக்குத் தனியாக ஒரு வணக்கம் சொல்ல வேண்டும். தண்ணீருக்காக நம்மோடு பலமுறை மல்லுக்கு நின்றவர்கள் அவர்கள். இன்று பெரியப்பாவுக்கு மாலை கொண்டுவந்திருக்கிறார்கள். இந்த மண்ணின் பெருந்தன்மைக்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

பெரியப்பாவைப் பற்றி மூன்று செய்திகள் சொல்லலாம் என்று வந்தேன். நீர்க்கட்டியாக அவர் பார்த்த வேலை ஒன்று. தகப்பன் இல்லாத எங்களைத் தோளில் போட்டு வளர்த்தது இன்னொன்று. மூன்றாவது, நடவு நாட்களில் அவர் எடுத்துக்கொடுக்கும் பாட்டு.

முதலில் தொழில். இளையவர்களுக்கு நீர்க்கட்டி என்றால் யார் என்றே தெரியாமல் போய்விட்டது. கண்மாயில் எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது, எந்த மடையை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எத்தனை நாழிகை பாய்ச்சுவது என்று முடிவு செய்பவர் நீர்க்கட்டி. பல ஊர்களில் ஆயக்கட்டில், அதாவது அந்தக் கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலத்தில், சொந்த நிலம் இல்லாதவரிடமே அந்தப் பொறுப்பைக் கொடுத்தார்கள். தன் வயல் என்று ஒன்று இருந்தால் கை அந்தப் பக்கம் சாயும் அல்லவா? பெரியப்பாவுக்கு ஆயக்கட்டில் ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. அறுவடைக் களத்தில் ஒவ்வொரு வீட்டாரும் அளந்து போடும் நெல்தான் அவருக்குக் கூலி. அந்த நெல்லில் வெந்த சோற்றைத் தின்றுதான் நான் பள்ளிக்கூடம் போனேன்.

அவர் வாயில் எப்போதும் ஒரே பழமொழிதான். “வெள்ளம் வருமுன் அணை போடு.” எங்களை எழுப்பும்போதும் அதுதான், கல்யாணப் பேச்சு நடக்கும்போதும் அதுதான். புரட்டாசி பிறந்துவிட்டால் வீடு வீடாகப் போய் அதையே சொல்லி, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை வெட்ட ஆள் கேட்பார்.

நான் சிறுவனாக இருந்தபோது ஓர் ஐப்பசி அடைமழை. இங்கே இருக்கிற வயதானவர்களுக்கு நினைவிருக்கும். மேல்கண்மாய் நிரம்பி அதன் மறுகால் தண்ணீர் முழுவதும் நம் கண்மாய்க்கு இறங்கிக்கொண்டிருந்தது. கூடுதலாகத் தண்ணீர் தேக்கலாம் என்று நம் ஆட்கள், மிகுதித் தண்ணீர் வெளியேறும் கலுங்கின் கற்களுக்கு இடையில் பலகை வைத்து, களிமண் அப்பி அடைத்திருந்தார்கள். நள்ளிரவில் பெரியப்பா போய் அந்தப் பலகைகளைப் பிடுங்க ஆரம்பித்தார். ஊரிலேயே அதிக நிலம் வைத்திருந்த பெரியவர் குடையும் லாந்தருமாக ஓடிவந்து, “ஊர்த் தண்ணீரைக் கடலுக்கு அனுப்ப நீ யார்?” என்று சத்தம் போட்டார். பெரியப்பா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “கரை இருந்தால்தானே ஐயா தண்ணீர்?” என்று சொல்லிவிட்டு அடுத்த பலகையைப் பிடுங்கினார்.

பலகைகளை எடுத்த பிறகும் அவர் வீட்டுக்கு வரவில்லை. கரையின் வெளிப்புறம் அடிவாரத்தில் குனிந்து குனிந்து நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். இரண்டாம் மடைக்குப் பக்கத்தில் ஓரிடத்தில் மண்ணிலிருந்து நீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. அதை உள்ளங்கையில் ஏந்தி லாந்தர் வெளிச்சத்தில் காட்டினார். “தெளிவாக வந்தால் வெறும் கசிவு, பயமில்லை. இது செம்மண்ணாகக் கலங்கி வருகிறது பார். கரை உள்ளுக்குள் கரைகிறது” என்றார். உள்வாயில், அதாவது தண்ணீர் நிற்கும் பக்கத்தில், எங்கோ நண்டு வளை பெரிதாகிவிட்டிருக்கிறது. இடுப்பில் கயிற்றைக் கட்டி, அதன் முனையை அந்தப் பெரியவர் கையிலேயே கொடுத்துவிட்டு, இருட்டில் கண்மாய்க்குள் இறங்கினார்! தண்ணீர் எந்த இடத்தில் காலை இழுக்கிறது என்று தடவித் தடவிப் பார்த்தார். இழுத்த இடத்தில் மூச்சடக்கி மூழ்கினார். “வைக்கோல்! வைக்கோல் கொண்டுவாருங்கள்!” என்று தலையை நீட்டிக் கத்தினார். மழையில் யார் வீட்டில் காய்ந்த வைக்கோல் இருக்கும்? சற்று முன் சண்டை போட்ட அந்தப் பெரியவர், “என் வீட்டுப் படப்பைப் பிரியுங்கள்!” என்றார். பெண்கள் தலைச்சுமையாகக் கொண்டுவந்தார்கள். என் அப்பத்தா வீட்டுக் கூரைக் கீற்றையே உருவிக்கொண்டு வந்தது. புரி புரியாகச் சுருட்டி உள்ளே திணித்து, அதன் மேல் களிமண் மூட்டைகளை இறக்கினார்கள். கோழி கூவும் நேரத்தில் வெளிப்புறம் கொப்பளிப்பு நின்றது. கரையில் உட்கார்ந்த பெரியப்பாவுக்கு இரண்டு கையும் ஊறி வெளுத்து, நகக்கண்களில் இரத்தம் கட்டியிருந்தது.

மறுநாள் அந்தப் பெரியவர் தாம்பூலத் தட்டில் வேட்டி துண்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். பெரியப்பா என்ன கேட்டார் தெரியுமா? “வேட்டி இருக்கட்டும். அடுத்த புரட்டாசியில் வரத்துக்காலுக்கும் கரைக்கும் வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்று நீங்கள் ஊர்க்கூட்டத்தில் சொல்லுங்கள்” என்றார். சொன்னார், அந்தப் பெரியவர். அவர் இருந்தவரை அந்த வழக்கம் நிற்கவில்லை. வெள்ளம் வருமுன் அணை போடு!

சபையோர்களே, அப்படிக் காத்த கண்மாய் இன்று எப்படிக் கிடக்கிறது? உள்வாய் முழுக்கச் சீமைக் கருவேலம். வரத்துக்கால் பாதி தூரம் வீட்டுமனையாகிவிட்டது. ஆழ்குழாய்க் கிணறு வந்தது, பிள்ளைகள் வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் பிழைக்கப் போனார்கள், களத்தில் அளந்த நெல் முதலில் குறைந்தது, பிறகு நின்றது. பெரியப்பா கடைசிப் பத்தாண்டுகள் கூலியில்லாமலேயே கரையைச் சுற்றி நடந்தார். இதை நான் வேதனையோடு சொல்கிறேன். ஊருக்கே தண்ணீர் அளந்தவருக்கு ஊர் ஒரு மரக்கால் நெல் அளக்கவில்லை.

இது நம் ஊர்க் கதை மட்டும் அல்ல. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன என்பது அரசுக் கணக்கு. நம் ராமநாதபுரம் மாவட்டமே கண்மாய்களால் வாழ்ந்த மாவட்டம். ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்’ என்று பெயர் வாங்கிய ராஜசிங்கமங்கலம் கண்மாய் இந்த மாவட்டத்தில்தானே இருக்கிறது! நாற்பத்தெட்டு மடைக்கும் ஆள் இல்லாமலா அத்தனை தலைமுறை அதில் விளைந்தது? 1858ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணத்தில் ஊரார் கரையைக் காக்க வேலைக்கு வர வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். 2007இல் ஆக்கிரமிப்பை அகற்றத் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. 2017இல், ஊராரே கூடிக் கண்மாயைச் செப்பனிடும் வழக்கத்துக்கு இருந்த குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே அரசு திட்டம் கொண்டுவந்தது. கரையை உயர்த்தினார்கள், மடையைப் புதுப்பித்தார்கள், நன்றி சொல்கிறேன். ஆனால் அடைமழை இரவில் லாந்தரோடு கரையில் நடக்கிறவர் யார்? சட்டம் நடக்குமா? மண்ணள்ளும் இயந்திரம் நண்டு வளையைத் தேடுமா? ஒவ்வொரு கண்மாய்க்கும் ஒரு நீர்க்கட்டியை நியமித்து, மாதச் சம்பளம் கொடுத்து, அவர் சொல்லுக்கு அதிகாரமும் கொடுத்தால் ஒழிய எந்தத் திட்டமும் நிலைக்காது. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய் நீர்வளத்துறைக்கு, குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துக்கு என்று பிரித்து வைத்திருக்கிறோம். ஆள் போடுவது யார் பொறுப்பு என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தால், அடுத்த ஐப்பசி நமக்காகக் காத்திருக்காது.

நேரமாகிவிட்டது என்று தலைவர் ஐயா மணியைப் பார்க்கிறார். பெரியப்பா எங்களை வளர்த்த விதத்தைத் தம்பி பேசுவான். பாட்டைப் பெரியம்மாவிடம்தான் கேட்க வேண்டும்.

உதவிப் பொறியாளர் அவர்களே, நம் கண்மாய்க்குச் சம்பளத்தோடு ஒரு நீர்க்கட்டி கேட்டு ஆயக்கட்டுதாரர்கள் கையெழுத்திட்ட மனு இது. மேல்கண்மாய், கீழ்க்கண்மாய் ஊர்க்காரர்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இந்த மேடையிலேயே தங்களிடம் கொடுக்கிறேன். மனு அதன் வழியில் போகட்டும், நாம் வரும் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை வரத்துக்கால் வெட்ட இறங்குவோம். வீட்டுக்கு ஓர் ஆள், ஆளுக்கு ஒரு மண்வெட்டி. அன்று காலைக் கஞ்சி எங்கள் வீட்டில்தான், பெரியம்மா சொல்லிவிட்டார். நன்றி, வணக்கம்.