பீரோவுக்குப் பின்னால் ஒரு ரவுட்டர்

நேயர்களுக்கு வணக்கம். இந்த உரையை டிரான்சிஸ்டரில் மத்திய அலையில் கேட்பவர்கள், பெட்டியை இருந்த இடத்திலேயே மெல்லத் திருப்பிப் பாருங்கள். ஒரு திசையில் என் குரல் மங்கும். இன்னும் சற்றுத் திருப்பினால் தெளியும். நிலையத்தில் எதுவும் மாறவில்லை; உள்ளே ஆன்டெனாவாக இருக்கும் ஃபெரைட் கம்பி பார்க்கும் திசைதான் மாறியது. கம்பியில்லாத் தொடர்பிலேயே பணிக்காலம் முழுவதையும் கழித்த எனக்கு இது ஒரு பித்தாகவே ஆகிவிட்டது: கருவியைக் குறை சொல்லும் முன் அது இருக்கும் இடத்தைப் பாருங்கள் என்பேன். வீட்டு வைஃபைக்கும் அதையேதான் சொல்ல வந்திருக்கிறேன்.

கும்பகோணத்தில் என் அக்காவின் வீடு திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அதைத் தாண்டிச் சமையற்கட்டு என்று நீண்டு போகும் பழைய வீடு. ஃபைபர் கேபிள் தெருப்பக்கமிருந்து வந்ததால், இணைப்புக் கொடுக்க வந்தவர் ரேழியிலேயே, ஸ்டீல் பீரோவுக்கும் ஒன்றரை அடிச் சுவருக்கும் இடையில் இருந்த இடுக்கில் ரவுட்டரை வைத்துவிட்டுப் போய்விட்டார். "டேய், ரெண்டு தடவை பிளானை மாத்தியாச்சு, அடுப்படியில இன்னும் சுத்திக்கிட்டேதான் இருக்கு" என்றார் அக்கா. கூடுதல் பணம் தெருவிலிருந்து வீட்டுக்குள் வரும் வேகத்தைத்தான் கூட்டும். பீரோவைத் துளைத்துக்கொண்டு போகும் வலிமையை அது தராது.

வைஃபை அலை 2.4 கிகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் நீளமுடையது. 5 கிகாஹெர்ட்ஸில் அதில் பாதிக்கும் சற்றுக் குறைவு. நூற்றுக்கணக்கான மீட்டர் நீளமுள்ள மத்திய அலையைப் போல ஊரையே சுற்றிவர அதனால் ஆகாது. இரும்பில் பட்டால் திரும்பிவிடும். நிலைக்கண்ணாடியின் பின்பூச்சும் உலோகம் என்பதால் அங்கும் அதே கதைதான். தண்ணீர் நிறைந்த டிரம்மும் மீன்தொட்டியும் அதை உறிஞ்சிக்கொள்ளும். இரண்டில் 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் மற்றதைவிடச் சீக்கிரம் களைத்துவிடும்.

செல்பேசியில் சிக்னலை அளக்கும் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு வீடு முழுக்க நடந்தேன். அந்த அளவு டிபிஎம் என்ற அலகில், கழித்தல் குறியோடு வரும். பத்து எண் இறங்கினால் வலிமை பத்தில் ஒன்றாகிவிட்டது என்று பொருள். சமையற்கட்டில் கழித்தல் 82 காட்டியது. பீரோவைச் சற்று நகர்த்திப் பார்த்தால், வந்தவர் மிச்ச கேபிளைப் பத்து மீட்டருக்கு மேல் அழகாகச் சுருட்டிப் பின்னாலேயே வைத்திருந்தார்! அக்கா இரண்டு முறை பணம் கட்டித் தேடிய தீர்வு பீரோவுக்குப் பின்னால் தூசி படிந்து கிடந்தது. அதைப் பிரித்து, கூடத்தில் முற்றத்தைப் பார்த்த சுவரில் ஏழடி உயரத்தில் ரவுட்டரை மாட்டினோம். முற்றத்தில் அலைக்குத் தடையே இல்லை. அளவு கழித்தல் 58 ஆயிற்று, அதாவது ஏறக்குறைய 250 மடங்கு வலிமை. ஓர் எச்சரிக்கை: உள்ளே இருப்பது கண்ணாடி இழை, ஆகவே ஆணியில் மடித்துத் தொங்கவிடாதீர்கள், வளைவு அகலமாக இருக்கட்டும். மிச்ச கேபிள் இல்லாதவர்கள் லேன் கேபிள் இழுத்து நடுக்கூடத்தில் இன்னொரு ரவுட்டரை வைக்கலாம். 100 மீட்டர் வரை அது தாங்கும்.

ஆன்டெனாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். வானொலியில் படம் போட்டுக் காட்ட முடியாது, ஆகவே ஓர் உளுந்து வடையை நினைத்துக்கொள்ளுங்கள். நிமிர்ந்து நிற்கும் கம்பி அந்த வடையின் ஓட்டையில் செருகியது போன்றது. அலை வடையைப் போலச் சுற்றிலும் பரவும், கம்பியின் நுனிக்கு நேர் மேலும் நேர் கீழும் மிகக் குறைவாகவே போகும். மாடியறை நேர் மேலே இருந்தால் ஒரு கம்பியைப் படுக்கவையுங்கள், வடையும் செங்குத்தாகிவிடும். தொலைக்காட்சிக்குப் பின்னால், ஷோகேஸுக்குள், பரணில் பாத்திரங்களுக்கு நடுவில் வைத்தால் எந்தக் கம்பியைத் திருப்பியும் பயனில்லை.

சேனல்களைப் பற்றி, அதாவது வைஃபை அலைவரிசைக்குள் எண் போட்டுப் பிரித்த தடங்களைப் பற்றி, விரிவாகப் பேச நினைத்திருந்தேன். நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். அடுக்ககத்தில் இருப்பவர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்களில், அக்கம்பக்கத்தார் குறைவாகப் பயன்படுத்தும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் வாங்கியவர்கள் அதைச் சிக்னல் வராத அறையில் வைக்காமல், நன்றாக வரும் பாதி வழியில் வையுங்கள். வணக்கம்.