எதிரே ஓர் ஆள் வேண்டும்

நடுவர் அவர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, பிள்ளைகளே, எதிரணி நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

"பிள்ளைகள் விளையாடிக்கொண்டே கற்கப் பெரிதும் உதவுவது பலகை ஆட்டமா, செயலியா?" இதுதான் தலைப்பு. பலகை ஆட்டமே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய தம்பி செயலியின் புகழை நன்றாகவே பாடினார். பிள்ளை தப்பாகப் போட்டால் உடனே திருத்துமாம், அவன் தரத்துக்கேற்பக் கேள்வியை மாற்றுமாம். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் பேசும்போதே அவருடைய திறன்பேசி இரண்டு முறை கூவியதே, அதையும் குறித்துக்கொள்ளுங்கள் நடுவரே!

"தாயத்தை உருட்டினால் கணக்கு வந்துவிடுமா?" என்று கேட்டார். வரும் தம்பி. அமெரிக்காவில் கீதா ராமணி, ராபர்ட் சீக்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2008-இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். வசதி குறைந்த குடும்பத்துப் பாலர் பள்ளிப் பிள்ளைகள். 1 முதல் 10 வரை வரிசையாகக் கட்டம் போட்ட ஒரு சாதாரணப் பலகை. சுழற்றினால் 1 அல்லது 2 விழும். அவ்வளவுதான் ஆட்டம். ஆனால் ஒரு விதி உண்டு. காய் 3-இல் நிற்கிறது, 2 விழுந்தது என்றால், பிள்ளை "ஒன்று, இரண்டு" என்று நகர்த்தக் கூடாது. "நான்கு, ஐந்து" என்று கட்டத்து எண்ணைச் சொல்லித்தான் நகர்த்த வேண்டும். தடுமாறினால் பக்கத்திலிருக்கும் பெரியவர் எடுத்துக்கொடுப்பார். இரண்டு வாரத்துக்குள் நான்கே முறை, கால் மணி நேரம் போல விளையாடினார்கள். எது பெரிய எண், எது சிறிய எண் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெளிவாகிவிட்டது. ஒன்பது வாரம் கழித்துப் பார்த்தபோதும் அது மறக்கவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், பிறகு எதிரணி கண்டுபிடித்துச் சொல்லக் கூடாது பாருங்கள். அதே பலகையில் எண்ணுக்குப் பதில் வெறும் வண்ணக் கட்டங்களை வைத்து ஆடிய பிள்ளைகளுக்கு அந்த முன்னேற்றம் வரவில்லை. ஆகவே பலகை என்றாலே அறிவு ஊறும் என்று நான் சொல்லவில்லை. பெட்டியின் மேல் 'கல்வி' என்று அச்சடித்திருக்கிறதே என்று நம்பி நாற்பது வெள்ளி கொடுத்து வாங்காதீர்கள். உள்ளே பிள்ளைக்கு என்ன வேலை இருக்கிறது என்று பாருங்கள்.

நம் சிங்கப்பூர்க் கணிதம் உலகம் முழுக்கப் பேர் வாங்கியதே, அது எங்கே தொடங்குகிறது? தொடக்கநிலை வகுப்பில் முதலில் பொருளைக் கையில் கொடுக்கிறார்கள், அப்புறம் படம், அதற்கப்புறம்தான் எண்ணும் குறியும். துணைப்பாட வகுப்பு நடத்துகிற நான் தினமும் பார்க்கிறேன், சில பிள்ளைகள் அந்த முதல் படியைத் தாண்டிக் குதித்து வந்து மூன்றாம் படியில் முழிக்கிறார்கள். (வகுப்புக்கு ஆள் சேர்வதே அதனால்தான் என்பது வேறு விஷயம்!)

இப்போது பல்லாங்குழிக்கு வாருங்கள். பதினான்கு குழி, குழிக்கு ஐந்து என்றால் எழுபது முத்து. தொடக்கநிலை இரண்டில் படிக்கும் ஒரு பையன் தன் பாட்டியோடு ஆடுவதைப் பார்த்தேன். எந்தக் குழியிலிருந்து எடுப்பது? விரல் ஒரு குழியின் மேல் நிற்கிறது, உதடு மட்டும் அசைகிறது. கடைசி முத்து எங்கே விழும், அதற்கடுத்த குழி காலியாக இருக்குமா, இருந்தால் துடைத்துவிட்டு அதற்கடுத்ததை அள்ளலாமே என்று மனத்துக்குள் ஓட்டிப் பார்க்கிறான். விரல் அடுத்த குழிக்கு நகர்கிறது. மறுபடி எண்ணுகிறான். அதற்குள் அவன் பக்கத்துக் குழி ஒன்றில் நாலு முத்து சேர்ந்து கிடந்ததை (அதற்குத்தான் 'பசு' என்று பெயர்) பாட்டி தள்ளிக்கொண்டார். பையன் கத்தினான்: "பாட்டி, அது என் பக்கத்துப் பசு! நீங்க கள்ளாட்டம் ஆடுறீங்க!"

கவனித்தீர்களா? வாய்மொழித் தேர்வில் படத்தைக் காட்டிக் கேட்டால் "ஆமாம்", "இல்லை" என்று முடித்துக்கொள்கிற பிள்ளை, கோபம் வந்ததும் முழுத் தமிழில் வழக்காடுகிறான். எந்தச் செயலியிடமாவது எந்தப் பிள்ளையாவது தமிழில் சண்டை போட்டதுண்டா? நம் பல்லாங்குழிக்கு உறவான சொங்காக்கை மலாய் வீடுகளிலும் பாருங்கள். அங்கேயும் இதே கூச்சல்தான்.

தோற்றால் பிள்ளை அழுவான், மனம் உடைவான் என்றார் தம்பி. அழட்டுமே. செயலியில் தோற்றால் மூடிவிட்டு இன்னொன்றைத் திறக்கலாம். இங்கே ஜெயித்த அக்காள் எதிரே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பாள். அவளைப் பொறுத்துக்கொண்டு, மறுபடி காயை அடுக்கி, தன் முறைக்குக் காத்திருக்க வேண்டும். ஏழு வயதில் இது லேசான காரியமா?

நேரமில்லை என்பதுதான் எதிரணியின் வலுவான வாதம். ஷிஃப்ட் முடிந்து இரவு எட்டரைக்கு வரும் பெற்றோரிடம் போய் நான் உபதேசம் செய்யமாட்டேன். ஆனால் 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளி வேலை போகத் திரை நேரம் நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் இருக்கட்டும் என்று நம் சுகாதார அமைச்சே 2025-இல் அறிவுறுத்தியிருக்கிறது. மிச்ச நேரத்துக்குப் பிள்ளை எங்கே போவான்? பல அடுக்குமாடிப் புளோக்குகளின் கீழ்த்தளத்தில் சதுரங்கக் கட்டம் பதித்த மேசைகள் இருக்கின்றன. அங்கே தாத்தாக்கள் இருக்கிறார்கள், ஆளும் தயார்.

கடைசியாக, எதிரணித் தலைவர் எழுந்து, "பல்லாங்குழியே இப்போது செயலியாக வந்துவிட்டதே" என்று சொல்லப் போகிறார், எனக்குத் தெரியும். வந்துவிட்டதுதான். அதில் பிள்ளை ஒரு குழியைத் தொட்டால் போதும். முத்தை அள்ளுவதும், ஒவ்வொன்றாகப் போடுவதும், எண்ணுவதும், பசுவைக் கண்டுபிடிப்பதும் எல்லாமே கருவி. அந்த ஆட்டத்தில் கணக்குக் கற்றுக்கொண்டது யார், பிள்ளையா, கருவியா? தலைவர் பதில் சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.