வாசலில் தேங்கிய பால் பாக்கெட்

நேயர்களுக்கு வணக்கம்.

முக்கூடல் பக்கத்திலிருந்து ஓர் அம்மா என்னிடம் சிகிச்சைக்கு வந்திருந்தார். வயது 38. "கை ஒண்ணும் நடுங்கல சார், கணக்குதான் கொறையுது" என்றார். நாளுக்கு ஆயிரம் பீடி சுற்றியவருக்கு அறுநூறே பெரும்பாடாகிவிட்டது. இரண்டு வருஷமாகத் தோள்வலித் தைலம் தேய்த்திருக்கிறார். மடியில் சொளவு (முறம்) இருப்பதாக நினைத்துச் சுற்றிக் காட்டுங்கள் என்றேன். முதல் நாலைந்து உருட்டல் ஒழுங்காக வந்தது. அதற்குப் பிறகு விரல்களின் வீச்சு சுருங்கிச் சுருங்கி, கட்டைவிரல் சும்மா உரசிக்கொண்டு நின்றுவிட்டது. காலையில் இடது கால் பெருவிரல் தானாக மடங்கிக்கொள்கிறது என்றும் சொன்னார்.

பார்க்கின்சன் நோய். நடுக்குவாதம் என்ற பெயர்தான் ஆளை ஏமாற்றுகிறது. நடுக்கமே இல்லாமலும் இது வரும். பெரும்பாலும் 60 வயதை ஒட்டி வரும். 40க்கு முன்பே எட்டிப் பார்த்தால் மரபணுவைச் சந்தேகிப்போம்.

நடுமூளையில் கருநிறமாக ஒரு சிறு பகுதி இருக்கிறது. அங்குள்ள செல்கள் சுரக்கும் டோபமைன்தான் நம் அசைவைச் சீராக வைக்கிறது. ஒரே செல்லுக்கு லட்சக்கணக்கான இணைப்புகள். இரவு பகல் ஓயாத வேலை என்பதால், உள்ளே சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாக்கள் சீக்கிரம் பழுதாகும். பழுதானதை எப்படிக் கண்டுபிடிப்பது? பிங்க்-1 என்றொரு புரதம் ஓயாமல் அவற்றின் வாசலுக்கு வரும். நல்ல மைட்டோகாண்ட்ரியா அதை உள்ளே இழுத்து அழித்துவிடும். நலிந்ததற்கு இழுக்கத் தெம்பு இருக்காது. பூட்டிய வீட்டு வாசலில் நாலு நாள் பால் பாக்கெட் எடுக்காமல் கிடந்தால் தெருவுக்கே விஷயம் தெரிந்துவிடும் அல்லவா? அதேபோல் பிங்க்-1 வெளியே குவியும். அதைக் கண்டு பார்க்கின் என்ற இன்னொரு புரதம் வந்து, 'இதை அப்புறப்படுத்து' என்று முத்திரை குத்தும். செல் அதை விழுங்கிச் செரித்துவிடும்.

அந்தப் பார்க்கினைச் செய்யும் மரபணுவுக்கு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு நகல்; அந்த அம்மாவுக்கு இரண்டுமே பழுது. ஜப்பானிய விஞ்ஞானிகள் 1998இல் அடையாளம் கண்ட மரபணு அது. முத்திரை குத்த ஆள் இல்லாததால் பழுதானவை உள்ளேயே கிடந்து நச்சைக் கக்க, செல் மடிகிறது.

எல்லா மரபணுவும் இப்படி இரண்டு நகலும் கெட்டால்தான் நோய் தரும் என்றில்லை. 1997இல் ஓர் இத்தாலிய வம்சத்தில் கண்ட ஆல்பா சைனூக்ளின் என்ற புரதத்தின் மரபணுப் பிழைக்கு ஒரே நகல் போதும். அந்தப் புரதம் உருமாறி, செல்லுக்குள் கட்டிகட்டியாகத் திரளும். ஆனால் பார்க்கின்சன் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு இப்படி ஒற்றை மரபணுக் காரணம் இருப்பதில்லை. வீட்டில் தாத்தாவுக்கு வந்தது என்று பயந்துகொண்டிருக்க வேண்டாம்.

அம்மாவின் பெற்றோர் தாய்மாமனும் அக்கா மகளும். ஆளுக்கொரு பழுது நகல், ஆளுக்கொரு நல்ல நகல். இருவரும் கடைசிவரை திடமாக இருந்தவர்கள். சொந்தத்தில் கட்டும்போது ஒரே பாட்டனின் பழுது இரண்டு பக்கமாகவும் இறங்கி வந்து ஒரே பிள்ளையிடம் சேர வாய்ப்பு கூடுகிறது. மாமியார் வீட்டிலோ, "நோயை மறைச்சுக் கட்டி வச்சுட்டாங்க" என்று பேச்சு. மறைக்க அவர்களுக்கு என்ன தெரியும்?

மூளைக்குள் போய் டோபமைனாக மாறும் லெவோடோபா மாத்திரை கொஞ்சமாகத்தான் கொடுத்தேன். கணக்கு எண்ணூறைத் தொட்டது. பூனைக்காலி விதையிலும் அதே மருந்து இருக்கிறது, உண்மைதான். ஆனால் பொடிக்குப் பொடி அளவு மாறும். நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

போன மாதம் கேட்டார்: "எம் மவளுக்கும் வருமா சார்?" மகள் கல்லூரியில் படிக்கிறாள். உங்களிடமிருந்து ஒரு பழுது நகல் கட்டாயம் போயிருக்கும். உங்கள் வீட்டுக்காரர் சொந்தமில்லாத அசல் ஆள், அவரிடமிருந்து பெரும்பாலும் நல்லது வந்திருக்கும், பயமில்லை என்றேன். முகம் தெளிந்துவிட்டது. கூட வந்திருந்த தம்பியைக் காட்டி, "அப்ப இவனுக்கே கட்டிக் குடுத்துரலாம்லா?" என்றார்.

தம்பிக்கு நோய்க்குறி எதுவுமில்லை. ஆனாலும் அதே பழுது அவரிடம் இருக்க மூன்றில் இரண்டுக்குக் குறையாத வாய்ப்பு. முதலில் இவர் ரத்தத்தைப் பார்ப்போம் என்றேன். தம்பி ஒன்றும் பேசாமல் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.